ஒன்பதாம் நம்பர் மூடி

வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லி வாய் மூடுவதற்குள், டப்பாவில் ஒரு மூடி மிச்சம் கிடப்பதை டெஸ்டர் பார்த்துவிட்டார்.

வெள்ளை பிளாஸ்டிக் மூடி. உள்ளங்கை அகலம்கூட இருக்காது. திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பென்சிலால் 9 என்று அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. புதுச் சமையலறையில் அப்போது விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தன. புகை இழுக்கும் விசிறி இரைந்துகொண்டிருந்தது. ஓவன் ஒரு மணி நேரமாகக் காய்ந்து, புது இரும்பு வாசனையைக் கூடம்வரை அனுப்பிக்கொண்டிருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. டெஸ்டர் மட்டும் சுவரில் இருந்த மூடிகளை எண்ண ஆரம்பித்தார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை வங்கியில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் எந்நேரமும் கரண்ட் பார்க்கும் டெஸ்டர் இருப்பதால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் டெஸ்டர்தான். மகளின் கல்யாணப் போட்டோவில்கூட, பெண்ணைப் பெற்றவரின் புதுச் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் கைப்பிடி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். "இன்னிக்கு ஒரு நாளாவது அதை எடுத்து வைக்கக் கூடாதாப்பா" என்று மகள் அழாக்குறையாகக் கேட்டதற்கு, "இந்த மண்டபத்து வயரிங் எனக்குப் பிடிக்கலைம்மா" என்று பதில் சொன்ன மனிதர்.

அவருக்கு ஒரு வழக்கம். வயர்கள் வந்து சேருவதற்காகச் சுவருக்குள் பதிக்கும் ஒவ்வொரு ஜங்ஷன் பெட்டிக்கும் நம்பர் போடுவார். பெட்டியின் உள்ளே ஒன்று, அதன் மூடியின் பின்னால் ஒன்று. பூச்சு வேலை நடக்கும்போது சிமெண்ட் உள்ளே போகாமல் இருக்க, பெட்டிக்குள் பழைய பேப்பரைக் கசக்கி அடைத்துவிடுவார். மூடிகள் எல்லாம் டப்பாவில் கிடக்கும். கடைசி நாள் பேப்பரை எடுத்து, உள்ளே வயர்களை ஒரு தடவை இழுத்துப் பார்த்து, மூடியைத் திருகுவார். டப்பா காலியானால் வீட்டுக்குப் போகலாம். முப்பது வருஷமாக டப்பா காலியாகாமல் அவர் எந்த வீட்டுப் படியையும் இறங்கியதில்லை.

இங்கே மொத்தம் பதினான்கு பெட்டி. சுவரில் பதிமூன்று மூடிதான் இருந்தது.

யாரோ ஒருவர் வீடாக இருந்தால் பரவாயில்லை. இது மகள் போன வருஷம் கல்யாணமாகி வந்த வீடு. சம்பந்தியம்மா பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற சேதி அவர் குரலுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. பழைய சமையலறையை இடித்துப் புதிதாகப் போடுவது என்று முடிவானதும், வயரிங் வேலைக்கு ஒரு பெரிய கம்பெனியைத்தான் பேசி வைத்திருந்தார். மகள் குறுக்கே விழுந்து, "எங்கப்பா பண்ணித் தருவார் அத்தை. நான் பொறுப்பு" என்றாள். அந்த வீட்டில் அவள் வாயைத் திறந்து கேட்ட முதல் காரியம் அதுதான். கேட்டது கிடைத்தது. அன்றிலிருந்து மாமியார் எதற்கெடுத்தாலும் "நீ என்ன சொல்றே" என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்க ஆரம்பித்திருந்தார்.

ஒன்பது எங்கே என்று டெஸ்டர் தலையைச் சொறிய வேண்டியிருக்கவில்லை. ஓவன் முதலில் ஜன்னலுக்கு இடப்பக்கம் வருவதாக இருந்தது. வயரெல்லாம் இழுத்து முடித்த அன்று சாயந்தரம் சம்பந்தியம்மா வந்து நின்று பார்த்து, "வலப்பக்கம் இருந்தா கைக்கு வாகா இருக்குமே சம்பந்தி" என்றார். இருக்கும்தான். ஆனால் வயர் நாலு அடி எட்டவில்லை. முறைப்படி மெயின் போர்டிலிருந்து ஒரே நீளமாகப் புது வயர் இழுத்திருக்க வேண்டும். ஓவன் மாதிரி கரண்டை மொண்டு குடிக்கிற சாமானுக்குப் போகும் லைனில் நடுவே ஜாயிண்ட் போடக் கூடாது என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அன்றைக்குக் கடை சாத்திவிட்டார்கள். இருட்டுவதற்குள் எல்லா லைனையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் வேறு. ஒரு ராத்திரிக்குத்தானே என்று ஒன்பதாம் பெட்டியில் ஒரு துண்டு வயரை முறுக்கி ஜாயிண்ட் போட்டு, பேப்பரை அடைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காய்ச்சல். நாலு நாள் படுத்த படுக்கை. எழுந்து வந்து பார்த்தால் சுவர் முழுக்கக் கடல்பச்சை நிற டைல்ஸ் ஒட்டி, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அந்த மயக்கத்தில் ஒன்பது என்ற நம்பரே அவர் நினைவிலிருந்து நழுவிவிட்டது.

டைல்ஸ்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, அந்தச் சுவத்துல இருக்கிற பழைய பெட்டியெல்லாம் சிமெண்ட் வெச்சு அடைச்சிடுன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க?"

"எத்தனை அடைச்சீங்க?"

"நாலு."

"பழசு மூணுதானே தம்பி."

"நீங்க கணக்கு சொல்லலையே அண்ணே. ஒண்ணுல பேப்பரைத் திணிச்சு வெச்சிருந்தீங்க. அதுவும் வேணாம்னு விட்டதுன்னு நெனச்சு அடைச்சிட்டேன். ஏன், ஏதாவது பிரச்சினையா?"

"உங்க மேல ஒண்ணும் இல்லை" என்று போனை வைத்தார். இல்லைதான். எல்லாவற்றுக்கும் நம்பர் போடுகிற மகானுபாவர், காய்ச்சலில் போர்வைக்குள்ளிருந்து பேசிய அந்த ஒரு தடவை மட்டும் நம்பர் சொல்லவில்லை. பழியைத் தூக்கி வேறு யார் தலையிலாவது வைக்கலாம் என்று சுற்றிலும் பார்த்தார். ஒரு தலையும் அகப்படவில்லை.

சம்பந்தியம்மா டீயோடு வந்தார். "என்ன சம்பந்தி, எல்லாம் முடிஞ்சுதா? நாளைக்கு மத்தியானம் என் தங்கச்சி குடும்பம், அண்ணன் குடும்பம் எல்லாம் சாப்பிட வர்றாங்க. கிச்சனைப் பார்க்கணும்னு ஒரே பிடியா இருக்காங்க."

டெஸ்டர் டீயை வாங்கி மேடையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். இந்த மாதிரி விஷயத்தை உட்கார்ந்துகொண்டு சொல்ல அவருக்கு வரவில்லை. பெட்டி, ஜாயிண்ட், காய்ச்சல், போன் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். "தப்பு முழுக்க என்னோடதும்மா. அந்த இடத்துல ஒரு டைல்ஸை எடுக்கணும்."

சம்பந்தியம்மா சுவரைப் பார்த்தார். அந்தப் பச்சைக்காக அவர் நாலு கடை ஏறி இறங்கியிருந்தார். கம்பெனியே அந்த நிறத்தை நிறுத்திவிட்டது. கடைக்காரர் கிடங்கிலிருந்து வழித்துக் கொடுத்ததுதான் மொத்தமும். கடைசித் துண்டுகூட ஜன்னல் மூலைக்குப் போய்விட்டது.

"இப்ப ஓவன் வேலை செய்யுதா இல்லையா?"

"செய்யுது."

"சுவர் சுடுதா?"

"இல்லை."

"உங்க வேலையில நான் ஏதாவது குறை சொன்னேனா?"

"நீங்க சொல்லலைம்மா."

"அப்புறம் நீங்களா ஏன் சம்பந்தி இழுத்து விட்டுக்கறீங்க?"

பதில் சொல்வதற்குள் மகள் வந்து அவர் முழங்கையைப் பிடித்தாள். "அத்தை, ஒரு நிமிஷம்" என்று சொல்லி, துணி துவைக்கும் இடத்துக்கு அவரைத் தள்ளிக்கொண்டே போனாள். கதவைச் சாத்திவிட்டு, வாஷிங் மெஷினில் சாய்ந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, இந்த வீட்ல என்னை இப்பத்தான் ஒரு ஆளா மதிக்கிறாங்க. எங்கப்பா வேலைன்னா வேலைதான்னு நான் தம்பட்டம் அடிச்சிருக்கேன். நாளைக்கு அத்தையோட அந்தத் தங்கச்சி வந்து, கம்பெனிகிட்டக் குடுத்திருக்கலாம்லன்னு சிரிப்பாங்க. நான் முகத்தை எங்க வெச்சுக்கறது?"

"தெரியுதும்மா."

"தெரிஞ்சா விட்டுடுங்க. சுவத்துக்குள்ள இருக்கறது யாருக்குத் தெரியப்போகுது?"

"இன்னிக்கு அந்த ஜாயிண்ட் நல்லாத்தான் இருக்கும். ஓவன் வயரு தினம் சூடாகும், தினம் ஆறும். ரெண்டு வருஷமோ அஞ்சு வருஷமோ, கொஞ்சம் கொஞ்சமா இளகும். அப்புறம் அந்த இடத்துல மட்டும் சூடு ஏறும். மூடி இருந்தா கழட்டிப் பார்த்து இறுக்கலாம். டைல்ஸுக்குப் பின்னாடி இருந்தா எதை வெச்சுப் பார்ப்பே?"

மகள் மூக்கை உறிஞ்சினாள். குரலைத் தாழ்த்தி, "சரி, உடைக்கறதுதான்னா உடைங்க. உங்க தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க. எலி கடிச்சிருச்சுன்னு சொல்லிடலாம்" என்றாள்.

"நாலு அங்குல சிமெண்டுக்குள்ள எந்த எலிம்மா போகும்? தவிர, நான்தான் ஏற்கெனவே சொல்லிட்டேனே."

"ஆமா. அரிச்சந்திரன் பரம்பரை. கேக்கறதுக்கு முன்னாடியே ஒப்பிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்காகத்தான் டெஸ்டர் உடைக்க நினைக்கிறார். உடைத்தால் அவளுக்குத்தான் தலைகுனிவு. இரண்டையும் மனசுக்குள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். தலைகுனிவு ஒரு வருஷத்தில் ஆறும் என்று தோன்றியது. அவர் பிடித்தது அந்த ஒரு நூலைத்தான். அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.

நேராகக் கூடத்து மெயின் போர்டுக்குப் போய் ஓவன் லைனை அணைத்தார். சமையலறையில் ஓவனின் சின்ன விளக்கு அவிந்தது.

"சம்பந்தியம்மா, நீங்க பெரியவங்க. திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா அந்த ஜாயிண்ட் உள்ளே இருக்கிறவரைக்கும் இந்த லைனை நான் போட மாட்டேன்."

"நான் வேற ஆளைக் கூப்பிட்டுப் போட்டுக்கிட்டா?"

"கூப்பிடுங்க. வர்றவர்கிட்டயும் உள்ளே என்ன இருக்குன்னு சொல்லிட்டுத்தான் போவேன்."

முப்பது வருஷம் பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைத்த கண்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தன. டெஸ்டர் உட்காரவில்லை. "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு சம்பந்தியம்மா தன் அறைக்குப் போனார். கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை. பூப்போலச் சாத்தினார்.

டெஸ்டர் மேடையில் போர்வையை விரித்தார். ஒன்பதாம் பெட்டியின் அளவு அவருடைய குறிப்பு நோட்டில் இருந்தது, ஜன்னல் சட்டத்திலிருந்து எவ்வளவு, தரையிலிருந்து எவ்வளவு என்று. இரண்டு தடவை அளந்து, டைல்ஸ் மேல் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டார். முழுசாக எடுத்துவிட முடிந்தால் திரும்ப ஒட்டிவிடலாம் என்று ஒரு நப்பாசை. டைல்ஸைச் சுற்றியிருந்த வெள்ளை சிமெண்டை மெல்லிய பிளேடால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். ஒரு மணி நேரம் போனது. கழுத்து மரத்துப்போனது. மெல்லிய உளியை இடுக்கில் விட்டு, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல நெம்பினார். ஒரு ஓரம் அசைந்தது. இன்னொரு ஓரமும் அசைந்தது. "வா, வா, வா" என்று வாய்க்குள் கெஞ்சினார். நடுவில் டக்கென்று ஒரு சத்தம். கடல்பச்சை மூன்று துண்டாகக் கையில் வந்தது.

பின்னால் நின்றிருந்த மகள் ஒரு பெருமூச்சு விட்டாள். அவள் எப்போது வந்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

துண்டுகளைப் போர்வை மேல் வைத்துவிட்டு சிமெண்டைக் கொத்தினார். அடியில் பேப்பர் நமுத்துப்போய்க் கிடந்தது. அதை இடுக்கியால் இழுத்துப் போட்டார். டெஸ்டரை வைத்து கரண்ட் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஜாயிண்டின் மேல் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தார்.

செம்பு தகதகவென்று இருந்தது. முறுக்கு ஒரு இழை தளரவில்லை. கறுப்பு இல்லை, தீய்ந்த வாசனை இல்லை, ஒன்றும் இல்லை. அத்தனை அவசரத்திலும் கை அதன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது. தன் வேலையைப் பார்த்து அவர் வருத்தப்பட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

மகளும் எட்டிப் பார்த்தாள். அவள் எலெக்ட்ரீஷியன் பெற்ற பெண். பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"கொஞ்சம் கறுப்பாவாவது இருக்கக் கூடாதாப்பா" என்றாள் மெதுவாக.

மேடைமேல், கை எட்டும் தூரத்தில், அடுப்புப் பற்றவைக்கும், சுடர் வரும் நீள லைட்டர் கிடந்தது. டேப்பின் நுனியில் அரை நிமிஷம் காட்டினால் போதும், வேண்டிய மட்டும் கறுத்துவிடும். டெஸ்டர் லைட்டரைப் பார்த்தார். பார்த்தார் என்பதை மறைப்பதற்கில்லை, நன்றாகவே பார்த்தார். அப்போது அறைக் கதவு திறந்தது.

சம்பந்தியம்மா வந்து மூன்று துண்டுகளையும் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். "என்ன ஆயிருந்துச்சு உள்ளே?"

"ஒண்ணும் ஆகலைம்மா. நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு."

"ஆமா."

"நல்லா இருந்ததை உடைச்சிருக்கீங்க."

"ஆமாம்மா."

மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கெட்டுப்போயிருந்துச்சுன்னு சொல்லியிருக்கலாம். எனக்கென்ன தெரியும், நம்பியிருப்பேன்" என்றார் சம்பந்தியம்மா.

"சொல்லியிருக்கலாம்" என்றார் டெஸ்டர். எதையும் ஜோடிக்க அவருக்குத் தெம்பில்லை. மனசில் இருந்ததை அப்படியே சொன்னார். "நான் இன்னிக்குப் போயிடுவேன். என் பொண்ணுதான் தினம் இந்தச் சுவத்தோரம் நின்னு சமைக்கப் போறா. அதான்."

"உங்க பொண்ணு மட்டும்தானா நிக்கப் போறா? நானும்தான் நிக்கிறேன்."

டெஸ்டருக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து மகள், மகள் என்றே அவர் மனம் சுற்றி வந்திருக்கிறது. இந்த அம்மாளைத் திட்டக்கூடியவராக, சமாளிக்க வேண்டியவராகத்தான் நினைத்தாரே தவிர, அந்தச் சுவரோரம் நிற்கப்போகிற ஒரு உயிராக ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"ஆமாம்மா. நீங்களும்தான். மன்னிச்சிடுங்க."

சம்பந்தியம்மா ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். "அடுத்து என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

அடுத்து வயர் இழுக்க வேண்டும். ஜாயிண்டை வெட்டிவிட்டு, மெயின் போர்டில் பழைய வயரின் முனையோடு புது வயரைக் கட்டினார். இந்தப் பக்கம் பழையதை இழுத்தால் அதன் பின்னாலேயே புதியது பைப்புக்குள் வந்து சேரும். ஒருவர் தள்ள வேண்டும், ஒருவர் இழுக்க வேண்டும். மருமகன் வேலைக்குப் போயிருந்தார். மகள் சேலையைச் செருகிக்கொண்டு ஓட்டையின் முன்னால் நின்றாள். டெஸ்டர் கூடத்துக்குப் போய், வயரில் சோப்புத் தண்ணீரைத் தடவி, தள்ள ஆரம்பித்தார்.

"இழும்மா."

பாதி தூரம் வழுக்கிக்கொண்டு போன வயர், சுவர் மூலை வளைவில் நின்றுவிட்டது. மகள் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. பின்னால் வாங்கி மறுபடி தள்ளினார். நின்றது.

"வரலைப்பா" என்று அங்கிருந்து குரல். அதில் அழுகை இருந்தது.

"விடாதே. பிடிச்சுக்கோ, வர்றேன்" என்று அவர் எழுவதற்குள் அந்தப் பக்கம் வயரில் ஒரு புது இழுப்பு தெரிந்தது. மகளின் கை இல்லை அது. நிதானமான, அழுத்தமான இழுப்பு. "நீ முன்னால பிடி. நான் சொல்லும்போது சேர்ந்து இழு" என்று அந்தக் குரல் வந்தது, ஓய்வு பெறாத அதே குரல். "ம், இப்போ."

வயர் வளைவைத் தாண்டியது. டெஸ்டர் தள்ளிக்கொண்டே இருந்தார். அவர்கள் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். அங்கிருந்து ஓவன்வரை மிச்சத் தூரத்தையும் இழுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு ஒட்டில்லை, ஒரே நீளம். டைல்ஸ் இருந்த இடத்தில் வெள்ளையாகப் பூசி, ஒன்பதாம் மூடியைத் திருகினார். பச்சைச் சுவரின் நட்டநடுவில் அது பளிச்சென்று, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. ஓவனைப் போட்டுக் காட்டிவிட்டுக் கிளம்பும்போது, "நாளைக்குச் சாப்பிட வந்துடுங்க" என்றார் சம்பந்தியம்மா. மகள் வாசல்வரை வந்தாள். அவர் படி இறங்குவதற்குள் உள்ளே திரும்பிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் பன்னிரண்டு பேர் அந்தச் சமையலறைக்குள் புகுந்து, அலமாரிகளைத் திறந்து மூடி, விளக்குகளைப் போட்டு அணைத்து, ஆஹா ஓஹோ என்றார்கள். டெஸ்டர் சாப்பாட்டு மேஜையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மாவின் தங்கை மட்டும் ஆஹாவோடு நிற்கவில்லை. நேராக அந்த வெள்ளைச் சதுரத்தின் முன்னால் போய் நின்றார்.

"என்னக்கா இது, இவ்வளவு செலவு பண்ணி நடுவுல ஒட்டுப்போட்ட மாதிரி? யார் வேலை இது?"

ஓவனிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டிருந்த மகளின் கை அப்படியே நின்றது. டெஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். நான்தான் என்று சொல்ல எழுந்தார், பாதி எழுந்தும் விட்டார்.

"அதுவா? உள்ளே ஒண்ணு சரிபார்க்க வேண்டியிருந்துச்சு. நானும் மருமகளும்தான் உடைக்கச் சொன்னோம்" என்றார் சம்பந்தியம்மா, கரண்டியைத் துடைத்துக்கொண்டே. "நீ உட்காரு, ஆறிடப் போகுது."

சுத்தப் பொய். டெஸ்டர் மகளைப் பார்த்தார். அவள் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த தட்டு சுடுவதுகூட அவளுக்குத் தெரியவில்லை போலும். டெஸ்டர் மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். அந்தப் பொய்யைத் திருத்த அவர் வாயைத் திறக்கவே இல்லை.